எந்த அலமாரியில் வைப்பது?

சேரன்மகாதேவி,
ஆடி 9

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மா, ஆச்சி, நான் எல்லோரும் சுகம். ஆனித் தேருக்கு அக்காள் பிள்ளைகளோடு வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனாள். நீ வரவில்லை. வேலை என்றாய், சரி. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வருகிறது, கார் நெல் நடவு நடக்கிறது. ஆச்சிக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

உன்னிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். போனில் ‘நன்றாக இருக்கிறேன் அப்பா’ என்று தொடங்கி, ‘வைக்கிறேன் அப்பா’ என்று முடித்துவிடுகிறாய். நடுவில் எதையும் கேட்க இடம் கிடைப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் வாசகசாலைக்கு மூன்று பெட்டிப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. பாளையங்கோட்டையில் வீட்டைக் காலி செய்த ஒரு குடும்பத்தார் கொடுத்தது. மொத்தம் 118. ஒவ்வொன்றாகத் துடைத்து எண் போட்டுக்கொண்டிருக்கிறேன். வெள்ளத்துக்குப் பிறகு அலமாரிகள் எப்படிக் கிடந்தன என்று உனக்குத் தெரியும். 2023 டிசம்பரில் ஆறு உள்ளே வந்தபோது கீழ்த்தட்டு இரண்டும் முழுகின. மாடியில் கயிற்றுக் கட்டில் போட்டு, பக்கத்துக்குப் பக்கம் செய்தித்தாள் செருகி, மின்விசிறியை ஓடவிட்டுக் காயவைத்தோம். படம் போட்ட அறிவியல் நூல்களெல்லாம் வழவழப்புத் தாள். காயக் காயப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரி ஆகிவிட்டன. பறவை நூல், எரிமலை நூல், உடலியல் படங்கள் எதுவும் மிஞ்சவில்லை. சொரசொரத் தாளில் அச்சடித்த நாவல்கள் உப்பிக்கொண்டாலும் பிழைத்துக்கொண்டன. புது இரும்பு அலமாரிகளுக்கு நீதான் பணம் அனுப்பினாய். வருகிறவர்களிடமெல்லாம் ‘என் மகன் வாங்கித் தந்தது’ என்று சொல்கிறேன். பொங்கலுக்கு வந்தபோது நீ அவற்றை ஒரு தடவை வந்து பார்த்திருக்கலாம்.

இந்த மூன்று பெட்டியில் எழுபதுக்கு மேல் தன்னம்பிக்கை நூல்கள். நாவல் முப்பது தேறும். அறிவியல் ஆறே ஆறு. ஒரு வீட்டில் இத்தனை தன்னம்பிக்கை நூல்களை யார் வாங்கியிருப்பார்கள், எதற்காக வாங்கினார்கள் என்று யோசித்தபடியே துடைக்கிறேன். சிலவற்றில் முதல் இருபது பக்கம் மட்டும் பென்சிலால் அடிக்கோடு போட்டிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு கோடும் இல்லை.

முப்பத்தொரு வருஷம் நூலகத்தில் இருந்தவனுக்குப் புத்தகம் பிரிப்பதில் என்ன சந்தேகம் என்று நினைப்பாய். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்க அமெரிக்க நூலகர் டூயி 1876-இல் போட்ட பகுப்பு முறை எனக்கு மனப்பாடம். 500 அறிவியல், 598 பறவை, 610 மருத்துவம். தமிழ் இலக்கியத்துக்கு 894.811. இரண்டாயிரம் வருஷத்து இலக்கியத்தை ‘மற்ற மொழிகள்’ என்ற மூலையில் புள்ளிக்குப் பின்னால் தள்ளி வைத்தார்களே என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. தன்னம்பிக்கை நூல்களுக்கு 158. உளவியலோடு சேர்ந்தது.

சந்தேகம் ஒரே ஒரு புத்தகத்தில்தான். தூக்கம் வராதவர்களுக்கானது. அட்டையில் நீல நிறத்தில் ஒரு ஜன்னல். இதை 158-இல் வைப்பதா, 616-இல் வைப்பதா? 616 என்றால் நோய்கள், அவற்றுக்கான சிகிச்சை. 158-இல் வைத்தால், முயற்சி செய்தால் சரியாகிவிடும் என்று எடுக்கிறவன் நினைப்பான். 616-இல் வைத்தால் இது டாக்டரிடம் போக வேண்டிய விஷயம் என்று தெரிந்துகொள்வான். இரண்டு நாளாக அதைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறேன்.

அதே நீல ஜன்னலை நான் பொங்கலன்று பார்த்தேன் தம்பி.

உன் பையைத் துழாவவில்லை. ஈரத் துண்டைக் காயப்போடச் சொல்லி அம்மா சொன்னாள். துண்டை எடுத்தபோது அடியில் மூன்று புத்தகங்கள் இருந்தன. ஒன்று தூக்கம். ஒன்று மனப் பதற்றம். மூன்றாவதன் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. பார்த்தது போலவே திருப்பி வைத்தேன்.

ஏன் அன்றே கேட்கவில்லை என்று அம்மா திட்டுகிறாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? யார் எந்தப் புத்தகத்தை எடுக்கிறார் என்பது நூலகனுக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதவனாக இருக்க வேண்டும். சர்க்கரை நோய் நூலை எடுக்கிறவரிடம் ‘உங்களுக்கா, வீட்டிலா?’ என்று கேட்கக் கூடாது. குழந்தைப்பேறு பற்றிய நூலோடு நின்ற பெண்களின் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. தேதியை முத்திரை குத்திக் கையில் கொடுப்பேன், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தைப் பெற்ற பிள்ளையிடமும் காட்டியது சரியா, தப்பா என்று ஆறு மாதமாக யோசிக்கிறேன்.

உன் களக்காட்டு மாமாவும் கடைசி வருஷம் ‘நன்றாக இருக்கிறேன்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். இதை எழுதக் கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை.

இரவு நேரத்தோடு சாப்பிடு. பதினொரு மணிக்கு மேல் அந்தக் கணினியை மூடிவை.

தன்னம்பிக்கை நூல்களை நான் மட்டமாக நினைக்கிறேன் என்று எண்ணாதே. பீடி சுற்றும் ஒரு அம்மாள், கூட்டத்தில் பயமில்லாமல் பேசுவது எப்படி என்ற நூலை ஐந்து தடவை புதுப்பித்துப் புதுப்பித்து வைத்திருந்தார். பிறகு ஒரு நாள் கிராம சபையில் எழுந்து நின்று தெருக்குழாய்க்குத் தண்ணீர் கேட்டார். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். குரல் நடுங்கியது, ஆனால் உட்காரவில்லை. ஒரு புத்தகத்தால் அப்படி ஒரு காரியம் நடக்குமென்றால் அதற்கு அலமாரியில் இடம் உண்டு. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்று சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இலேயே விதியாக எழுதி வைத்தார்.

என் குறை வேறு. அந்தப் புத்தகங்களில் படிக்கிறவன் ஒருவன்தான் இருப்பான். எழுந்திரு, ஓடு, எண்ணத்தை மாற்று என்று எல்லாம் அவனுக்கே சொல்லப்படும். தோற்றால் அது அவன் குற்றம். நாவலில் தோற்றவனுக்கு ஒரு அம்மா இருப்பாள், கடன்காரன் இருப்பான், எதிர்வீட்டில் ஒரு கல்யாணம் நடக்கும், மழை பெய்யும். தோற்றவன் தனியாக நிற்கமாட்டான். பசித்தவனுக்குச் சோறும் வேண்டும், குழம்பும் வேண்டும். வெறும் ஊறுகாயை மூன்று வேளையும் தின்றால் வயிறு என்னத்துக்கு ஆகும்?

நீ எல்லா அலமாரியிலும் எடுத்தவன். நாலாம் வகுப்பில் ஒரே வாரத்தில் பேய்க்கதை ஒன்று, எரிமலை பற்றி ஒன்று, தச்சு வேலை பற்றி ஒன்று எடுத்துப்போனாய். தச்சு வேலை எதற்கு என்று கேட்டேன். ‘உளியை எப்படிப் பிடிப்பார்கள் என்று தெரிய வேண்டாமா?’ என்றாய். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போன அன்று ஞாபகம் இருக்கிறதா? ஊர்க்காரர்கள் வேட்டுப் போடாமல் அந்தப் பறவைகளைக் காக்கிறார்கள் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். நீ குளத்துக் கரையில் நின்று, வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருகிறது, அந்த உயரத்தில் காற்று மெலிந்திருந்தாலும் அதன் இரத்தம் ஆக்சிஜனை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்றாய். உனக்குப் பத்து வயது. பக்கத்தில் நின்ற வாத்தியார் ஒருவர் யார் பிள்ளை என்று விசாரித்தார். நூலகர் பிள்ளை என்றேன். அன்றைக்கு எனக்கு இருந்த நிறைவு பிறகு எந்தப் பதவி உயர்விலும் இல்லை.

அந்தப் பிள்ளையின் பையில் ஒரே வகைப் புத்தகம் மூன்று. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நீ ஒரே அலமாரி முன்னால் நிற்கிறாய். உன்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது யார்?

நான்தான். இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் அரையாண்டுத் தேர்வில் கணிதத்தில் மதிப்பெண் குறைந்தது. உன் தலையணைக்கடியில் நூலக நாவல் இருந்தது. பாதிக்கு மேல் படித்திருந்தாய். நீ பள்ளிக்கூடம் போன பிறகு அதை எடுத்துக்கொண்டுபோய், நானே திருப்பியதாகப் பதிந்து அலமாரியில் வைத்தேன். உன் உறுப்பினர் அட்டையை என் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். அன்று சாயங்காலம் வெற்றிக்கு வழிகாட்டும் நூல் ஒன்றை உன் மேஜையில் வைத்து, ‘கதை சோறு போடாது’ என்றேன். நீ அழவில்லை, சண்டை போடவில்லை. ‘சரி அப்பா’ என்றாய். இப்போது போனில் சொல்கிறாயே, அதே ‘சரி அப்பா.’

அட்டையைத் தேர்வு முடிந்ததும் தருவதாகச் சொன்னேன். நீ கேட்கவே இல்லை, நானும் தரவில்லை. ஊரிலுள்ள பிள்ளைகளையெல்லாம் படிக்கக் கூப்பிட்டவன் என் பிள்ளைக்குக் கதவைச் சாத்தினேன். உனக்கு நல்ல வேலை கிடைத்தபோது நான் செய்தது சரிதான் என்று ஊரெல்லாம் பேசினேன். கதை சோறு போடாதுதான். சோறு இறங்காத நாளில் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டுமே, அதை நான் பிடுங்கிக்கொண்டேன். மனம் சோரும் நேரத்தில் உனக்குத் தெரிந்த ஒரே கதவு நான் திறந்துவைத்த அந்த 158-தான் என்றால், அந்தப் பாவத்தில் எனக்குப் பங்கு இருக்கிறது.

மன்னித்துக்கொள் என்று எழுதினால் நீ ‘பரவாயில்லை அப்பா’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவாய். அதனால் அப்படிக் கேட்கவில்லை.

நூலை எங்கே வைப்பது என்று நானே முடிவு செய்துவிட்டேன். 616-இல் வைத்துவிட்டேன். தூக்கம் வராதது மன உறுதி இல்லாததால் அல்ல தம்பி. கால் பிசகினால் எலும்பு டாக்டர், கண் மங்கினால் கண் டாக்டர். இதற்கும் டாக்டர் இருக்கிறார். பெங்களூரில் இல்லாத டாக்டரா? செலவைப் பற்றி யோசிக்காதே, என் ஓய்வூதியம் எங்களுக்கு எதேஷ்டம். வாசகசாலை அறிவிப்புப் பலகையில் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். அரசாங்கத்துடையது, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள். எல்லோருக்கும்தான் எழுதி வைத்தேன். எழுதும்போது உன்னை நினைத்துக்கொண்டேன்.

நேரத்தோடு சாப்பிடு. விடிய விடிய விழித்திருந்தால் என்னைக் கூப்பிடு. இரண்டு மணியானாலும் கூப்பிடு. நானும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பேச வேண்டாம், போனை வைத்துக்கொண்டு சும்மா இரு. கூந்தன்குளத்தில் பேசாமல்தானே உட்கார்ந்திருந்தோம்.

இன்னொன்று. நேற்று கிளை நூலகத்துக்குப் போய் அந்த நாவலை என் அட்டையில் எடுத்து வந்தேன். முதுகு பிய்ந்து தைத்திருக்கிறார்கள், அதே பிரதிதான். தேதிச் சீட்டுக்கு மேல் புதுச் சீட்டு ஒட்டியிருக்கிறது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அடியில் நான் குத்திய முத்திரை தெரிகிறது. 212-ஆம் பக்கத்தில் மேல்முனையை மடித்திருக்கிறாய். வேலையில் இருந்தபோது மடித்த முனைகளைக் கண்டால் விரலால் நீவி நிமிர்த்திவிடுவேன். இதை மட்டும் பல தடவை பார்த்தும் நிமிர்த்தாமல் விட்டிருக்கிறேன். உனக்குப் பிறகு படித்தவர்களும் விட்டுவைத்திருக்கிறார்கள். நான் முதலிலிருந்து படிக்கத் தொடங்கியிருக்கிறேன். 212-ஐத் தாண்டமாட்டேன்.

ஆடி அமாவாசைக்குக் காரையாற்றுக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று அம்மா நேர்ந்திருக்கிறாள். என்ன நேர்ச்சை என்று சொல்லமாட்டேன் என்கிறாள். இரண்டு நாள் லீவு கிடைத்தால் வா. புத்தகத்தை ஆடி 23-க்குள் திருப்ப வேண்டும். அதற்குள் வர முடியாவிட்டால் நான் புதுப்பித்துக்கொள்கிறேன். நீ வருகிற வரைக்கும் புதுப்பித்துக்கொண்டே இருப்பேன்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: டிக்கெட் எடுத்தால் ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல். ஜங்ஷனுக்கு நான் வந்துவிடுகிறேன். சேரன்மகாதேவி பஸ்ஸில் நீ தனியாக வர வேண்டாம்.