'பியானோ மேன்' கும்மாளப் பாட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கப் பாடகர் பில்லி ஜோயலின் 'பியானோ மேன்' பாட்டைப் பற்றி வந்த கட்டுரையில், "பாரில் குடித்துவிட்டுக் கும்மாளம் போடுபவர்களின் பாட்டு" என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அதில் கும்மாளம் எங்கே இருக்கிறது? நாவல் எழுதும் வீட்டு புரோக்கர், கடற்படையே கதி என்று ஆனவர், சினிமா ஆசையை மனசுக்குள் வைத்துக்கொண்டு கிளாஸ் நிரப்புகிறவர். ஜோயல் நேரில் பார்த்த மனிதர்கள். 1971-இல் வந்த அவருடைய முதல் ஆல்பம் தவறான வேகத்தில் பதிவாகி, குரலே கீச்சென்று கேட்டது. கம்பெனியோடு ஒப்பந்தத் தகராறு வேறு. லாஸ் ஏஞ்சலஸ் போய், பில் மார்ட்டின் என்ற பெயரில், எக்ஸிக்யூட்டிவ் ரூம் என்ற பாரில் பியானோ வாசித்துப் பிழைத்தார். பாட்டில் வரும் பணிப்பெண், பிறகு அவர் மனைவியான எலிசபெத் வெபர். உங்களுக்குத் தெரியாததா இதெல்லாம்?

"வந்ததுமே உச்சம் தொட்டது" என்பதும் தவறு. 1973 நவம்பரில் வந்த பாட்டு, மறுவருடம் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் 25-ஆம் இடம் வரைதான் ஏறியது. ஐந்தரை நிமிடப் பாட்டை ரேடியோவுக்காக வெட்டினார்கள். அந்த ஆதங்கத்தை அவர் 1974-லேயே 'தி என்டர்டெய்னர்' பாட்டில் கொட்டிவிட்டார்.

நானும் சென்னையில் ஒரு ஹோட்டலில் ராத்திரி நேரம் கீபோர்டு வாசித்தவன். ஒருநாள் டிஷ்யூ பேப்பரில் இந்தப் பாட்டின் பெயரை எழுதி ஒருவர் சர்வரிடம் கொடுத்தனுப்பினார். மூன்றெண்ணிக்கை வால்ட்ஸ் தாளம் தொடங்கியதும் அவர் மேஜையில் பேச்சு நின்றது. முடிந்தபின் அருகே வந்து, தானும் ஒரு காலத்தில் வயலின் கற்றதாகச் சொன்னார். அவர் கும்மாளம் போட வந்தவர் இல்லை, ஐயா. அந்தப் பக்கம் மேனேஜர், சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் போன்றவர்களுக்கு அது பழகிய சைகை.

உங்கள் இதழும் வேறு என்ன செய்கிறது? மெல்லிசைக் கச்சேரி விமர்சனத்தில் பாடகியின் பட்டுப்புடவைக்கு நான்கு வரி. வாசித்தவர்களுக்கு "பக்கவாத்தியம் பிரமாதம்", அவ்வளவுதான். புகைப்படத்தில் கீபோர்டு வாசிப்பவரின் முழங்கை மட்டும் தெரியும். முன்பும் இதை எழுதினேன். பதில் இல்லை.

சரி, பாட்டு 25-ஆம் இடம் வரைதான் ஏறியது என்றாவது அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள். அப்புறம், கச்சேரி விமர்சனத்தில் மேடையில் வாசித்தவர்களின் பெயர்களையும் அச்சிடுங்கள். ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
சென்னை