எந்தப் படியால் அளந்தது என்பதையும் எழுதுங்கள்

அருங்காட்சியகக் காப்பாட்சியர்களுக்கும் பொருட்பட்டியல் தயாரிப்போருக்கும்,

வணக்கம். உங்கள் கண்ணாடிப் பேழைகளில் பழைய அளவைகள் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு சிறு அட்டை: ‘தானியம் அளக்கும் பாத்திரம், வெண்கலம், உயரம் இத்தனை சென்டிமீட்டர்.’ அளப்பதற்கென்றே செய்த பாத்திரத்தின் உயரத்தைச் சொல்கிறீர்கள், அது எவ்வளவு கொள்ளும் என்பதைச் சொல்வதில்லை. எத்தனையோ அட்டைகளில் இதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் எழுதுகிறேன்.

ஷாங்காய் அருங்காட்சியகத்தில் கைப்பிடி வைத்த சிறு செவ்வக வெண்கல அளவை ஒன்று இருக்கிறது. கி.மு. 344இல் பண்டைச் சீனத்தின் சின் நாட்டில் அமைச்சர் ஷாங் யாங் செய்வித்தது. 200 மில்லிலிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும். நீள அலகைக் கொண்டு கன அளவைக் கணக்கிட்டு, இவ்வளவு கொள்வது ஒரு ‘ஷெங்’ என்று அதன் பக்கத்திலேயே பொறித்திருக்கிறார்கள். கி.மு. 221இல் சீனம் முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்த சின் ஷி ஹுவாங்கின் ஆணை அதே அளவையின் அடியில் வெட்டப்பட்டது. 123 ஆண்டுகளுக்குப் பிறகும் பழைய அளவே செல்லும் என்பதற்கு அந்த வெண்கலமே சாட்சி. கொள்ளளவையும் எழுத்துகளையும் சேர்த்துப் படித்ததால்தான் இது தெரிய வந்தது.

இத்தாலியின் பழைய நகரமான பொம்பெயியில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே சந்தைவெளியில் குழிகள் குடைந்த சுண்ணாம்புக்கல் மேடை இருந்தது. குழியில் தானியத்தை நிரப்பி, அடித்துளையைத் திறந்தால் அளந்த தானியம் கீழே இறங்கும். குழிகளுக்கு அருகில் அவ்வூரின் பழைய மொழியான ஆஸ்கனில் அளவுகளின் பெயர்கள் இருந்தன. ரோமானிய அளவு வந்ததும் குழிகளைப் பெரிதாக்கினார்கள், பழைய பெயர்களைக் கொத்தி அழித்தார்கள். இன்றைய கொள்ளளவை மட்டும் லிட்டரில் எழுதி வைத்தால், அந்த ஊர் மக்கள் ரோமுக்கு முன்பு அளந்த அளவு அடியோடு மறைந்துவிடும். உளித்தடத்தையும் குறிப்பில் சேர்க்க வேண்டும்.

விளிம்புவரை கொள்ளும் அளவைச் சொன்னாலும் பாதிதான் சொன்னதாகும். படியைத் தலைதட்டி அளந்தார்களா, குவித்து அளந்தார்களா? வாய் அகன்ற தாழ்வான படியின் மேல் குவியல் பெரிதாக நிற்கும், வாய் ஒடுங்கிய உயரமான படியின் மேல் சிறிதாகத்தான் நிற்கும். விளிம்புவரை இரண்டும் ஒரே அளவு கொண்டாலும் குத்தகை கட்டும் உழவருக்கு இரண்டும் ஒன்றல்ல. தோளுயரத்திலிருந்து கொட்டினால் மணிகள் இறுகிப் படி கூடுதலாக விழுங்கும், விளிம்போரமாக மெல்லச் சரித்தால் குறைவாகவே கொள்ளும். ஐரோப்பியப் பண்ணைகளில் குவித்து வாங்கித் தலைதட்டி விற்ற நிலவுடைமையாளர்கள் உண்டு. 1789இல் பிரெஞ்சு மக்கள் அரசருக்கு எழுதியனுப்பிய குறைப்பட்டியல்களில், ஒரே எடை, ஒரே அளவு வேண்டும் என்ற கோரிக்கை மீண்டும் மீண்டும் வருகிறது. அந்தக் கோரிக்கைக்குப் பின் பிறந்த மீட்டரின் வரலாற்றைக் காட்டும்போது நீங்கள் வானியலாளர்கள் தெலாம்பரும் மெஷேனும் டங்கர்க்கிலிருந்து பார்சிலோனா வரை அளந்த பயணத்தைக் காட்டுகிறீர்கள். அருமையான பயணம்தான். அந்தப் படங்களுக்கருகே பண்ணையார் வீட்டுப் படி ஒன்றையும் வையுங்கள்.

எடைக்கற்களில் இந்தக் குறை அவ்வளவாக இல்லை, நிறுத்துப் பார்ப்பது எளிது என்பதால். சிந்துவெளியின் கனசதுரக் கற்கள் 1, 2, 4, 8, 16 என இரட்டித்து 64 வரை ஏறுகின்றன, அவற்றில் 16 மடங்குக் கல் சுமார் 13.7 கிராம். சிந்துவெளி எழுத்தை இன்னும் யாரும் படித்தறியவில்லை. ஆயினும் அவர்கள் எடைமுறை நமக்குத் தெரியும், கற்களைப் பொறுமையாக நிறுத்து எழுதியவர்கள் இருந்ததால்.

நில அளவுகளை வெறுமனே ஹெக்டேருக்கு மாற்றிவிடும் வழக்கத்தையும் கைவிடக் கேட்கிறேன். ஸ்பெயினின் ‘ஃபனேகா’ தானிய அளவுக்கும் பெயர், அவ்வளவு விதை போகும் நிலத்துக்கும் பெயர். தமிழில் கோட்டை, மரக்கால் என்னும் தானிய அளவுகளைக் கொண்டு கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்றது இதே கணக்கைத்தான். மண்ணின் தரத்தைப் பொறுத்துப் பரப்பு கூடும், குறையும். உழவர் அறிய விரும்பியது எவ்வளவு விதை வேண்டும் என்பதை. ஹெக்டேர் அதைச் சொல்லாது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தஞ்சைப் பெரிய கோயிலில் எழுத்து வெட்டியவர்கள் இந்தக் கவனத்தோடு இருந்தார்கள். பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும், மணி இழைத்த நகைகளைத் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுத்ததாகக் கல்வெட்டு பெயர் சொல்லிப் பதிவு செய்கிறது. நெல்லை அளந்த மரக்காலுக்கும் பெயர் உண்டு, அது எந்த மரக்காலோடு ஒக்கும் என்ற குறிப்பும் உண்டு. எண்ணோடு அளவைக்கருவியின் பெயரையும் சேர்த்தே எழுதினார்கள்.

இனி தயாரிக்கும் ஒவ்வொரு குறிப்பிலும் பழைய அலகின் பெயரை முதலிலும் மெட்ரிக் அளவைப் பின்னாலும் தாருங்கள். முத்திரை, ஒட்டு, தேய்மானம், பின்னாளில் விளிம்பை வெட்டிய தடம் எதையும் விட வேண்டாம். அது சந்தைக்குரிய படியா, கோயிலுக்குரியதா, பண்ணைக்குரியதா என்பது தெரிந்தால் எழுதுங்கள். தண்ணீர் பட்டால் கெடும் மரப்படியை உலர்ந்த சிறு மணிகளால் அளக்கலாம்: தலைதட்டி ஒருமுறை, குவித்து ஒருமுறை. இரண்டு எண்களும் அட்டையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கூடங்களுக்கு ஆவலோடு வரும் பார்வையாளர்களில் ஒருவர்