ஒரு சொல் திருத்தம்

அத்தை,

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வருஷத் திதி. நினைவஞ்சலி விளம்பரத்துக்கு வாசகம் எழுதும் வேலை மறுபடியும் என் தலையில் விழுந்திருக்கிறது. போன வருடம் மரண அறிவிப்பை எழுதியதும் நான்தான். “அன்பும் அமைதியும் பொறுமையும் நிறைந்த” என்று எழுதினேன். அமைதி, பொறுமை! உங்களுக்கு!

சிங்கப்பூரின் தமிழ் முரசு நாளிதழை மரண அறிவிப்பிலிருந்து படிக்கத் தொடங்குகிறவர் நீங்கள். “செத்தவங்க எல்லாரும் சாந்தமாத்தான்டா இருந்திருக்காங்க. அப்ப ஊர்ல சண்டை போட்டதெல்லாம் யாரு?” என்று கோப்பியை ஆற்றிக்கொண்டே கேட்பீர்கள். அந்தப் பட்டியலில் உங்களையும் சேர்த்துவிட்டேன்.

அன்று மணி இரவு இரண்டு. மண்டாய் தகனச்சாலைக்கு நேரம் குறித்தாகிவிட்டது. பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து “மரியாதையா எழுதுப்பா” என்றார். கைப்பேசியில் வேறு யாருக்கோ எழுதிய பழைய அறிவிப்பு இருந்தது. பெயரையும் தேதியையும் மாற்றினேன், அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். சரி, கேட்கத்தான் கேட்கிறேன்.

அன்று சொல் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. இந்த ஒரு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். சுறுசுறுப்பு பள்ளி அறிக்கைப் புத்தகத்துச் சொல். கலகலப்பு வீட்டுக்கும் விருந்துக்கும் பொருந்தும், தனி ஆளுக்குப் போதாது. சூட்டிகை என்றால் பல் விழுந்த பிள்ளை ஞாபகம் வருகிறது. வாயாடி, துடுக்கு, அடங்காப்பிடாரி எல்லாம் உங்களை நிறையப் பேர் சொன்னதுதான். அதே குணம் சித்தப்பாவிடம் இருந்தபோது அவருக்குத் ‘துடிப்பான ஆள்’ என்று பெயர்.

தேடும்போதெல்லாம் அந்த நண்டுதான் வந்து நிற்கிறது.

1996. தொடக்கநிலை ஐந்து. இரட்டைக்கிளவியில் பத்து வாக்கியம் எழுதிவரச் சொல்லியிருந்தார் வாத்தியார். பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தவனிடமிருந்து நோட்டைப் பிடுங்கி, ஞாயிறு காலை ஆறரைக்கு என்னைத் தேக்கா சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். கட்டடத்தின் பெயர்ப்பலகையில் அப்போது ஜூஜியாவ் சென்டர். 2000இல்தான் தேக்கா என்று மாற்றினார்கள். நீங்கள் அதற்கும் முந்தைய கண்டாங் கெர்பா என்ற பெயரிலேயே நின்றுவிட்டவர், கடைசிவரை ‘கேகே மார்க்கெட்டு’தான்.

மீன் பகுதியில் தரையெல்லாம் தண்ணீர். செதிலைச் சுரண்டுகிறவனைக் காட்டி “சரசர, எழுதிக்க” என்றீர்கள். இலங்கை நண்டுக் கூடைக்கு முன்னால் நின்று “இதுக்கு என்ன?” என்றீர்கள். சுறுசுறு என்றேன். “அது எறும்புக்குடா.” அப்புறம் நண்டின் கயிறு எப்படி அவிழ்ந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தவறுதலாக என்று வீட்டில் சொன்னீர்கள். நண்டு ஈரத் தரையில் பக்கவாட்டில் ஓட, செருப்புக் கால்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எகிறின. மீன்காரர் ஹொக்கியனில் கத்தினார். நீங்கள் மலாயில் பதில் சொல்லிக்கொண்டே, சேலையை இழுத்துச் செருகி, காலிக் கூடையால் ஒரே அமுக்காக அதைக் கவிழ்த்தீர்கள். மூச்சு வாங்க என் பக்கம் திரும்பினீர்கள்.

“இப்ப எழுது. நண்டு குடுகுடுன்னு ஓடுச்சு. மீன்காரன் காச்சுமூச்சுன்னு கத்துனான். நீ திருதிருன்னு முழிச்ச. மூணு ஆச்சா?”

வாத்தியார் காச்சுமூச்சை மட்டும் சிவப்பு மையில் அடித்தார். இரண்டு பாதியும் ஒன்றுபோல் இருக்க வேண்டுமாம். பிரித்தால் பொருள் தராது என்று தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது என்றார். உங்களிடம் வந்து சொன்னேன். “அவர் தேக்காவுக்கு வந்ததில்ல போல” என்று நண்டு ரசத்தை ஊற்றினீர்கள்.

அந்த மூன்றாவது வாக்கியத்தை நீங்கள் விடவே இல்லை. என் கல்யாண விருந்தில், பெண் வீட்டார் முன்னால், ஒலிவாங்கியைப் பிடித்து “எங்க தம்பி திருதிருன்னு முழிப்பான், வாயில எப்பவும் கொழுக்கட்டை” என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கயிற்றை அவிழ்த்தது நீங்கள், முழித்தவன் என்ற பெயர் மட்டும் எனக்கா? நீங்கள் இருந்த அறையில் அம்மா ஒரு வாக்கியத்தை முழுதாக முடித்து நான் கேட்டதில்லை. உங்கள் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் நாங்கள் பலர் மங்கலாகவே இருந்தோம். இதை எப்போதாவது நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

வீடு விற்ற விஷயத்தை இங்கே எழுதவில்லை. அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களும் இதைப் படிக்கிறார்கள். அன்று நீங்கள் கத்தியது சரியென்று நினைத்தேன். வாய் திறக்கவில்லை. இந்த அளவு போதும்.

சிராங்கூன் சாலையில் பேருந்து வீரமாகாளியம்மன் கோயிலைத் தாண்டும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டு “துடியான அம்மாடா, கேட்டா உடனே குடுப்பா” என்பீர்கள். அந்தச் சொல்தான். துடி என்றால் உடுக்கை போன்ற சிறு பறை, அதை அடித்தவன் துடியன். சங்கப் பாட்டில் வருகிறது. நாடி துடிப்பதும் அந்தச் சொல்தான். வலியில் துடிப்பதும் அதுவேதான் என்பதை மருத்துவமனையில் அந்தக் கடைசி ஒன்பது நாளில் தெரிந்துகொண்டேன். அதனாலேயே எழுதப் பயந்தேனோ என்னவோ.

கலகலப்பு போதாதா, இது சாமிக்குச் சொல்றதில்லையா என்பார் பெரியப்பா. விளம்பரம் கொடுக்க நாளை மதியம்வரை நேரம் இருக்கிறது. வாசகம் இப்போதைக்கு இப்படி: “கையும் வாயும் ஓயாத, துடியான எங்கள் அத்தை.”

அவர் இன்னும் பார்க்கவில்லை. இங்கே போட்ட பிறகு பார்க்கட்டும்.

உங்கள்
தம்பி