எலையா, இலையா?

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். பார்சலைப் பிரிக்கும் முன்னால் இதைப் படித்துவிடு. முதலில் பிரித்தால் குட்டி எல்லாத் தாளையும் ஒரே நாளில் பச்சையடித்துத் தீர்த்துவிடுவாள்.

அவள் வண்ணம் தீட்டிய ஆங்கில எழுத்துத் தாள்களை வாட்ஸ்அப்பில் பார்த்தேன். ஆப்பிளின் சிவப்பு கோட்டைத் தாண்டவில்லை. பூனைக்கு மட்டும் பச்சை. ஏன் என்று கேட்காதே, அது அவள் பூனை. "இவ்வளவு அழகா கலர் பண்றா, அந்த எழுத்தைத் தனியா காட்டினா முழிக்கிறா. தமிழ்லயும் இந்த மாதிரி ஷீட் அனுப்பும்மா" என்று கேட்டிருந்தாய். அனுப்புகிறேன். ஆனால் தமிழ்த் தாள் வந்தால் மட்டும் முழிப்பு நின்றுவிடாது. அதற்கு உன் கதையையே சாட்சிக்கு இழுக்கிறேன்.

உனக்கு அப்போது நாலு வயது. நான் பால்வாடி வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வீட்டுச் சுவரில் 'அ - அம்மா' அட்டையை மாட்டித் தினமும் சொல்ல வைத்தேன். அம்மா, ஆடு, இலை, ஈ என்று கடகடவென ஒப்பிப்பாய். வந்தவர்களிடமெல்லாம் ஒப்பிக்க வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஒரு நாள் சிலேட்டில் 'அணில்' என்று எழுதி, எழுத்துக்கூட்டிப் படி என்றேன். முதல் எழுத்தில் விரலை வைத்து "அம்மா" என்றாய். அடுத்த எழுத்துக்கு விரல் நகர்ந்தது, வாய் நகரவில்லை. நான் அதட்டினேன். அழுதுகொண்டே மறுபடி "அம்மா" என்றாய். எழுத்தைச் சொன்னாயா, என்னைக் கூப்பிட்டாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உன்னைப் பொறுத்தவரை அந்த வடிவத்தின் பெயர் அம்மா. அதற்குள் ஒரு சத்தம் இருக்கிறது என்று நான் சொல்லித்தரவே இல்லை. குட்டிக்கும் இப்போது அதுதான் நடக்கிறது. ஆங்கில 'ஏ' என்பது அவளுக்கு ஆப்பிளின் படம்.

ஆங்கிலத் தாளை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் எனக்கு அனுபவம் குறைவு. அவள் பள்ளியில் தரும் தாள்களை எடுத்து, படத்தின் பெயரை நீயே வாய்விட்டுச் சொல்லிப் பார். 'ஐ'க்கு ஐஸ்கிரீம் போட்டிருந்தால் அது எழுத்தின் பெயரைத்தான் சொல்கிறது, இங்க், இன்செக்ட் என்பதில் வரும் 'இ' சத்தத்தைச் சொல்வதில்லை. 'ஜி'க்கு ஒட்டகச்சிவிங்கி போட்டால் ஜிராஃப் என்று 'ஜ' வந்துவிடும். கோட் என்று ஓர் ஆட்டை வரைந்தால் வம்பில்லை. 'எக்ஸ்'க்கு சைலஃபோன் போடுகிறார்கள், அது 'ஸ' மாதிரி ஒலிக்கிறது. பாக்ஸ் என்று ஒரு பெட்டியை வரைந்து, சத்தம் கடைசியில் வருவதைக் காட்டினால் போதும். பொருந்தாத படம் வந்தால் மேலே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி வேறு படம் வரைந்துவிடு. டீச்சர் கேட்டால் பாட்டி சொன்னாள் என்று சொல்.

தமிழில் இந்த வம்பு இல்லை என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். நம் பால்வாடியில் பாதிக்கு மேல் தேவனாம்பட்டினம் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். 'இ - இலை' தாளைக் கொடுத்தேன். ஒரு பெண் குழந்தை நரம்பெல்லாம் விட்டுவிட்டு அழகாகப் பச்சை தீட்டிக்கொண்டு வந்தது.

"டீச்சர், எல!"

"இலை" என்றேன்.

"அதான் டீச்சர், எல."

அவளிடம் என்ன தப்பு? நீயும் நானும் அப்படித்தானே சொல்கிறோம். எலைபோட்டுச் சாப்பிடுகிறோம், எடம் பிடிக்கிறோம், ஒடம்பு சரியில்லை என்கிறோம். எழுதும்போது இ, உ. பேசும்போது எ, ஒ. அந்தக் குழந்தை எ-வின் சத்தத்தைச் சொல்லிக்கொண்டு இ-க்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் 'எ - எலி' தாள் கொடுத்தேன். இதே பிள்ளை, "பெருச்சாளி" என்றது. கடற்கரைக் குப்பத்தில் அவள் பார்த்தது அதைத்தானே! ஆக, எ-வுக்கு இலையும் போய்ச் சேரவில்லை, எலியும் போய்ச் சேரவில்லை.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து எல்லாப் படத்தையும் பிள்ளைகள் வாயால் சொல்வதுபோல் சொல்லிப் பார்த்தேன். உரல் 'ஒரலு' ஆகிறது. உலக்கை 'ஒலக்க'. இறால், நம் ஊரில் யார் இறால் என்கிறார்கள்? எறாதான். எல்லாவற்றையும் தூக்கிவிட்டு இ-க்கு இட்லியும் இஞ்சியும், உ-வுக்கு உப்பும் உண்டியலும் வரைந்தேன். வாயில் எப்படி வருகிறதோ அப்படியே எழுத்திலும் நிற்கிற சொற்கள் இவை. பார்வையிட வந்த மேடம், "உரல் எங்கே?" என்று கேட்டார். மிக்சிக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள் என்றேன். சிரித்துவிட்டுப் போனார், நல்லவேளை.

ஔ வந்தால் ஔவையாரை விட்டால் நமக்குக் கதியில்லை. அவரை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

சரி, பார்சலுக்கு வருகிறேன். அ-வில் தொடங்கி ஃ வரை இருக்கும் என்று தேடாதே. தமிழ் எழுத்து மொத்தம் 247. வரிசையாகத் தீட்டிக்கொண்டு போனால் குட்டி காலேஜுக்குப் போய்விடுவாள். ஆங்கிலத்தில் ஒலி முறையில் கற்றுத்தருபவர்கள் எஸ், ஏ, டி, ஐ, பி, என் என்கிற ஆறு எழுத்தை முதலில் எடுப்பது ஏன் தெரியுமா? ஆறை வைத்தே சேட் (sat), பின் (pin), டேப் (tap) என்று நிறையச் சொல் கட்டிவிடலாம். நாமும் அப்படியே ப, ட, ம என்று தொடங்கலாம். வடிவமும் எளிது, பெரும்பாலும் கோடு கோடாக வரும். மூன்றையும் தெரிந்துகொண்டு ஒரு புள்ளியும் வைக்கத் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று வந்துவிடும். முதல் வாரத்திலேயே பிள்ளை 'படம்' என்று வாசித்துவிட்டால் அப்புறம் அதைப் பிடித்து நிறுத்த முடியாது.

புள்ளி எழுத்தில் மட்டும் கவனம். ம் என்பதை நாம் 'இம்' என்று சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளை கூட்டும்போது 'ப, ட, இம் - படஇம்' என்று முடிக்கும். உன் பாட்டி காலத்தில் அனா, ஆவன்னா, கானா, ஙானா என்று இன்னும் நீளமான பெயரெல்லாம் இருந்தன. அவர்கள் எப்படித்தான் படித்தார்களோ! க், ட் போன்ற எழுத்துக்கு முன்னால் ஓர் இ வைக்காமல் சொல்வது கஷ்டம், அதை ஒப்புக்கொள்கிறேன். ம் அப்படியில்லை. வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று இழுக்கச் சொல், மாடு கத்தத் தொடங்குவதுபோல. அந்தத் தாளில் பக்கத்தில் ஒரு மாட்டை அதற்காகத்தான் வரைந்திருக்கிறேன்.

இப்போது முக்கியமான சேதி, வண்ணம். வெறுமனே ஓர் எழுத்துக்கு ஏழு கலர் அடித்தால் கைக்குப் பழக்கம் வரும், அவ்வளவுதான். வண்ணத்துக்கே ஒரு வேலை கொடுக்க வேண்டும். இரண்டாவது தாள்கட்டில் பா, மா, டா இருக்கின்றன. ப, ம, ட எதுவானாலும் அவள் இஷ்டப்பட்ட கலர். துணைக்கால் மட்டும் எப்போதும் சிவப்பு. இதில் விட்டுக்கொடுக்காதே. சிவப்புக் கால் வரும்போதெல்லாம் விரலால் அதை மேலிருந்து கீழே தடவிக்கொண்டே 'ஆஆ' என்று இழுக்க வேண்டும். பழகிய பிறகு மாமா, பாப்பா, டாட்டா என்று மூன்று அட்டையைப் போட்டுவிட்டு நீ பேசாமல் இரு. டாட்டாவைத் தானாகப் படித்த ஒரு பையன், எனக்கு டாட்டா காட்டிவிட்டு நிஜமாகவே வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். ஆயா ஓடிப்போய்ப் பிடித்துவந்தார்.

இந்தச் சிவப்புக்கால் வித்தை நான் படித்த காலத்தில் செல்லாது. அப்போது ணா, றா, னா மூன்றுக்கும் கால் கிடையாது, எழுத்தையே சுழித்து வேறு மாதிரி எழுதுவோம். லை, னை எல்லாம் தும்பிக்கை வைத்துக்கொண்டிருக்கும். பெரியார் சொன்ன சீர்திருத்தத்தை 1978-ல் அரசு ஏற்று ஆணை போட்ட பிறகுதான் எல்லாவற்றுக்கும் ஒரே கால் வந்தது. உன் அப்பா இன்னும் ரேஷன் பை மேல் தும்பிக்கை வைத்துத்தான் எழுதுகிறார், அதைக் குட்டிக்குக் காட்டிவிடாதே.

பெ, பே, பை இப்போது வேண்டாம். கொம்பு முன்னால் நிற்கும், சத்தம் பின்னால் வரும். பிள்ளை குழம்பும். பெரியவர்களுக்கே விளக்க முடியாத விஷயம் அது.

பார்சலில் வெற்றுத் தாளாகப் பன்னிரண்டு இருக்கும். ஒன்றுமே வரையவில்லையே என்று தூக்கிப்போட்டுவிடாதே! 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் அடித்தது ஞாபகம் இருக்கிறதா, நம் மாடித் தண்ணீர்த்தொட்டி எதிர்வீட்டில் போய் விழுந்ததே. நாலு நாள் கழித்துத்தான் பால்வாடிக்குப் போக முடிந்தது. கூரையில் பாதி இல்லை. சுவரில் மாட்டியிருந்த தாளெல்லாம் தரையில் ஊறிக் கிடந்தது. ஸ்கெட்ச் பேனாவில் எழுதியது முழுக்கக் கரைந்து தாளே ஊதாவாகிவிட்டது. அந்த ஊதாவுக்கு நடுவில், மெழுகு கிரேயானில் பிள்ளைகள் தீட்டிய எழுத்து மட்டும் பளிச்சென்று நின்றது. மெழுகில் தண்ணீர் ஒட்டாதல்லவா. அழுவதற்கென்று போனவள், அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

அதிலிருந்து வந்ததுதான் இந்த விளையாட்டு. வெற்றுத் தாளில் வெள்ளை மெழுகுவத்தியால் அழுத்தி எழுதியிருக்கிறேன். தண்ணீரில் வாட்டர்கலரை நீர்க்கக் கரைத்து, பெரிய பிரஷ்ஷால் அவளையே பூசச் சொல். வெள்ளை எழுத்து மெல்ல எழுந்து வரும். அது என்ன எழுத்து என்று கேட்காதே, என்ன சத்தம் என்று கேள். பாதி தெரியும்போதே கத்திவிடுவாள். தீர்ந்தால் நீயே எழுதிக்கொள்ளலாம், ஒரு மெழுகுவத்தி இரண்டு மாதம் வரும்.

புளியங்கொட்டை ஒரு பொட்டலம் இருக்கிறது. பெரிய எழுத்தின் கோட்டின்மேல் கோந்து தடவி ஒட்டுவதற்கு. நீயோ மருமகளோ பக்கத்தில் இல்லாமல் இதைக் கையில் கொடுக்கவே கூடாது. ஒரு முறை ப-வை ஒட்டி முடித்ததும் கொட்டை ஒன்று குறைந்தது. தேடிப் பார்த்தால் ஒரு பையன் மூக்குக்குள் இருக்கிறது. டாக்டர் எடுத்துவிட்டார், ஆனால் ஆட்டோவில் அவனை மடியில் வைத்துக்கொண்டு போன அந்தக் கால் மணி நேரத்தை நான் மறக்கவில்லை. அவன் அழக்கூட இல்லை, "டீச்சர், ப உள்ள போயிடுச்சு" என்றான்.

உப்புத்தாளில் வெட்டிய எழுத்து மூன்றும் வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிச் சத்தத்தைச் சொல்ல வேண்டும். இது மாண்டிசோரி அம்மையார் முறை. 1939-ல் அவர் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்.

அப்புறம் ஒரு கண்ணாடி போதும். 'உ' சொல்லும்போது உதடு குவிகிறதா, 'இ' சொல்லும்போது விரிகிறதா என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும். உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்துக்கும் இதழ் குவியும் என்று தொல்காப்பியத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள், நாம் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ஆங்கிலத்தில் பென்னில் வரும் 'ப'வும் பெல்லில் வரும் 'ப'வும் குழம்பினால் உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதம் பிடி. பென் என்றால் காகிதம் துள்ளும், பெல் என்றால் அவ்வளவாக அசையாது. தமிழில் இரண்டுக்கும் ஒரே ப. பல் என்பதையும் தம்பி என்பதையும் பிள்ளை காதால் தானாகப் பிரித்துக்கொள்ளும், நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு நாளைக்கு ஒரு தாள், பத்து நிமிஷம். அவள் எழுந்து போனால் விட்டுவிடு. மிச்சத்தை நீ தீட்டிக்கொண்டு உட்கார். தானாக வந்து ஒட்டிக்கொள்வாள்.

அடுத்து க வரிசை, த வரிசை வரைய வேண்டும். அதற்கு முன்னால் எனக்கு ஒரு காரியம் செய். புனேயில் அவள் வாயில் தமிழ், மராத்தி, ஆங்கிலம் எல்லாம் கலந்து வருகிறது. எந்தெந்தப் பொருளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று ஒரு நாள் முழுக்கக் குறித்து அனுப்பு. நீ சொல்வதை எழுதாதே, அவள் சொல்வதை எழுது. கத்தரிக்காயை என்ன சொல்கிறாள்? தண்ணியா, பானியா? போன தடவை வந்தபோது காக்காயைக் 'கா' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதும் அப்படித்தான் என்றால் சொல்லு, சிவப்புக் காலோடு அந்தத் தாளை முதலில் வரைந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா