கரையில் நிற்கும் படகைப் பற்றி மகளுக்கு

அக்கரைப்பேட்டை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம். ஜூன் 14 நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்தும் நம் விசைப்படகு ஏன் இன்னும் கடுவையாற்றங்கரையிலேயே நிற்கிறது என்றும், பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டுப் புதியது ஒன்றை வைத்துவிடலாமே என்றும் கேட்டிருந்தாய்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள்களுக்குள் கிழக்குக் கரையின் விசைப்படகுகள் அத்தனையும் வேலை முடித்து இறங்கப் பார்க்கின்றன. ஆனால் பலகை மாற்றும் ஆசாரிகளும், தண்ணீர் புகாதபடி பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து வேலைக்காரர்களும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். ஒரு படகில் இரண்டு பலகை ஏற்றிவிட்டு ஆசாரி அடுத்த படகுக்குப் போய்விடுகிறார் என்றால், எந்த முதலாளியையும் கைவிட அவருக்கு மனமில்லை என்றுதான் பொருள். அவரோடு சண்டை போட்டால் வருகிற நாளும் வராமல் போய்விடுவார். முழுப் பணத்தையும் முன்பே வாங்கிய வேலை எப்போதும் கடைசிக்குத் தள்ளப்படும் என்பதால், பலகை ஏறியதும் ஒரு பங்கு, கலப்பத்து முடிந்ததும் ஒரு பங்கு என்று பேசியிருக்கிறேன். எனக்கு உள்ள கவலை வேறு. மரப்படகு வெயிலில் நிற்க நிற்கப் பலகைகள் காய்ந்து சுருங்கி இடைவெளி விடும். அந்த இடைவெளியில் மழைநீர் இறங்கினால் மரம் அழுகத் தொடங்கும். உப்புநீருக்கு அந்தக் குணம் இல்லை. ஆகவே வெயில் படும் பக்கத்தில் சாக்குகளைத் தொங்கவிட்டு, மாலைதோறும் உப்புத்தண்ணீரை வாரி ஊற்றுகிறோம். உன் தம்பி முணுமுணுத்துக்கொண்டேதான் ஊற்றுகிறான்.

புதிய எஞ்சின் வாங்குவது எஞ்சினோடு முடிகிற செலவு அன்று. சுழலும் வேகம் மாறினால் கியர்பாக்ஸ் மாற வேண்டும், அதற்கேற்பத் தண்ணீருக்கடியில் சுழன்று படகைத் தள்ளும் காற்றாடியின் விட்டமும் இதழ்களின் சரிவும் மாற வேண்டும், எஞ்சின் உட்காரும் கட்டைகளைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். இத்தனையும் இதே ஆசாரியையும் இதே லேத் பட்டறையையும் நம்பித்தான் நடக்கும் என்பதால், அவசரத்துக்கு அது மருந்தாகாது. மேலும் நம்முடையது லாரி எஞ்சினைக் கடலுக்கு ஏற்றவாறு மாற்றியமைத்த வகை. பிஸ்டன், லைனர், பேரிங் எல்லாம் லாரி உதிரிபாகக் கடையிலேயே கிடைக்கும். இல்லாவிட்டால் சென்னைப் புதுப்பேட்டையில் தேடிப் பிடித்துவிடலாம். உப்புத்தண்ணீர் பம்பு போன்ற, கடலுக்கென்றே சேர்த்த பாகங்கள்தாம் ஆளை அலைக்கழிக்கின்றன. பம்பின் உடைந்த மூடியைக் காட்டி வார்ப்புக்குக் கொடுத்திருக்கிறேன். தேய்ந்த பாகத்தையே அச்சாக வைத்தால், உலோகம் ஆறும்போது இன்னும் கொஞ்சம் சுருங்கிப் புதியது சிறுத்துப் போகும். அதனால் அச்சின் மேல் மெழுகு பூசித் தடிமன் ஏற்றச் சொன்னேன். பித்தளையில் வார்த்தால் மலிவு என்றார் பட்டறைக்காரர். பித்தளையிலுள்ள துத்தநாகத்தைக் கடல்நீர் தின்றுவிட, எஞ்சுவது செம்பு நிறத்தில் பொடியும் ஒரு கூடுதான். வெண்கலமே வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது படகை நிறுத்தி வைத்திருப்பது, காற்றாடியைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட்டின் பின் முனையில் அதைத் தாங்க வரும் ஒரு புஷ், அதாவது குழாய் போன்ற உறை. நம் ஷாஃப்ட் இரண்டு அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர். இங்குக் கடைகளில் இருப்பதோ 50 மில்லிமீட்டர் புஷ். அது ஷாஃப்ட்டில் ஏறாது. ஷாஃப்ட்டைக் கடைந்து மெலியச் செய்தால் ஏறிவிடும் என்று ஒருவர் யோசனை சொன்னார். அப்படிச் செய்தால் அடுத்த முறை எல்லாவற்றையும் அந்த மெலிந்த அளவுக்கே தேட வேண்டியிருக்கும் என்பதால் நான் சம்மதிக்கவில்லை.

இதில் உன் உதவி வேண்டும். கேரளத்தில் ஜூலை 31 வரை டிராலிங் எனும் இழுவலை மீன்பிடிப்புக்குத் தடை இருப்பதால், நீ இருக்கும் கொச்சியில் படகுகள் இப்போதுதான் பழுதுபார்க்கப்படும். தோப்பும்படி பக்கத்துக் கடைகளில் சரக்கும் வந்திருக்கும். எஞ்சின் பெயரைச் சொல்லிக் கேட்காதே. பெயரைச் சொன்னால் கையில் இருப்பதை எடுத்து நீட்டிவிடுவார்கள். உள் விட்டம், வெளி விட்டம், நீளம் மூன்றையும் வெர்னியர் அளவுக் கருவியில் அளந்து தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கடைக்காரரையும் அளந்து காட்டச் சொல்லி, அளவு ஒத்தால் மட்டும் பணம் கொடு. புஷ் வந்ததும் படகை இறக்கிவிடலாம். ஆயினும் மரம் தண்ணீரில் ஊறிப் பழைய வடிவுக்கு வந்த பிறகே எஞ்சினையும் ஷாஃப்ட்டையும் நேர்பார்த்து இறுக்க முடியும் என்பதால், இறக்கிய மறுநாளே கடலுக்குப் போவோம் என்று எண்ணிவிடாதே. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் தொலைபேசியில் சொல்லிவிடு. இல்லையென்றால் இங்கேயே வெண்கலத்தில் கடையக் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
அப்பா