தெர்மோஸ்டாட் இல்லாத கார்: மகளுக்கு ஒரு கடிதம்

தக்கலை

அன்பு மகளுக்கு,

புகைப் பரிசோதனையில் நம் பழைய கார் தேறவில்லை என்று நீ அனுப்பிய சீட்டின் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். கார்பன் மோனாக்சைடு 0.82 சதவீதம், ஹைட்ரோகார்பன், அதாவது எரியாமல் வெளியேறும் பெட்ரோல், 310 பிபிஎம் (பத்து லட்சத்தில் 310 பங்கு) என்று இருக்கிறது. 2008-இல் நாகர்கோவிலில் பதிவு செய்த பாரத் ஸ்டேஜ் 2 என்ற புகை விதிப்படி வந்த பெட்ரோல் வண்டி, நின்றபடி என்ஜின் ஓடும் ஐடிலிங்கில் முதலாவதில் 0.5 சதவீதத்தையும் இரண்டாவதில் 750 பிபிஎம்மையும் தாண்டக் கூடாது. ஹைட்ரோகார்பன் இவ்வளவு குறைவாக இருப்பதால் பிளக்குகள் ஒழுங்காகத்தான் பற்றவைக்கின்றன. கார்பன் மோனாக்சைடு கூடியிருப்பதைப் பார்த்தால் பெட்ரோல்தான் தேவைக்கு மேல் போகிறது. ஆகவே, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றச் சொன்ன மெக்கானிக்கிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு.

காரணம் என்னிடம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன், மக்களே. நீ கல்லூரியில் படித்த காலத்தில், பேச்சிப்பாறைக்குப் போகும் வழியில் குலசேகரம் தாண்டியதும் என்ஜின் கொதித்து, ரப்பர் தோட்டத்து நிழலில் ஒரு மணி நேரம் நின்றோமே, அதற்குப் பிறகு ஓர் ஒர்க்‌ஷாப்பில், என்ஜின் சூடாகும்வரை குளிர்விக்கும் திரவத்தை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் இனி வண்டி சூடே ஆகாது என்றார்கள், நானும் தலையாட்டிவிட்டேன். உண்மையில் ரேடியேட்டர் ஃபேன் சுற்றாததுதான் கோளாறு என்பது பிறகு தெரிந்து அதைச் சரிசெய்தோம், ஆனால் கழற்றிய பொருளைத் திரும்பப் போடவே இல்லை. அன்று முதல் வெப்பநிலை முள் பாதிக்கு வந்ததில்லை. என்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று சென்சார் சொல்வதை நம்பி, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறைந்தபோது நான் சாலைப் பள்ளங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

புதிய தெர்மோஸ்டாட் வாங்கியதும் அதை நூலில் கட்டி, சட்டியின் அடியில் தொடாமல் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கிப் பார். அதன்மேல் பொறித்திருக்கும் டிகிரியை நெருங்கும்போது நடுவிலுள்ள வால்வு மெல்லத் திறப்பது கண்ணுக்குத் தெரியும். மாட்டும்போதே என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டையும் மாற்றச் சொல், ஃபேன் சுற்றுகிறதா என்று நின்று பார். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் அதையும் மாற்று. இவ்வளவுக்குப் பிறகும் அளவு இறங்காவிட்டால் மட்டும் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்க்கலாம்.

மறுபரிசோதனைக்கு முன் இருபது நிமிடமாவது நிற்காமல் ஓட்டிவிட்டு, வரிசையில் நிற்கும்போதும் என்ஜினை அணைக்காதே. கன்வெர்ட்டர் நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும். சோதிக்காமலே சான்றிதழ் தருவதாக யாரோ சொன்னார் என்றாயே, அது வேண்டாம்; இந்த வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சான்றிதழ் எடுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அவர் பின்னால் அலைய முடியாது.

தெர்மோஸ்டாட் மாட்டிய அன்றே, அரை மணி நேரம் ஓடியபின் முள் எங்கே நிற்கிறது என்று படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா