மொட்டை மாடி ஆமைக்கு இடமல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்திரி வெயிலை முன்னிட்டுத் தாங்கள் வெளியிட்ட செல்லப்பிராணிகள் பக்கத்தில் நாய்க்கு அரைப் பக்கம் கிடைத்தது, பூனைக்குக் கால் பக்கம். லவ் பேர்ட்ஸுக்குக்கூடப் படத்துடன் ஒரு பெட்டிச் செய்தி இருந்தது. ஆமைக்கு ஒரே ஒரு வரி: "ஆமைகள் வெயில் விரும்பிகள்; மொட்டை மாடியில் விட்டு, அவ்வப்போது குழாய்த் தண்ணீர் தெளித்தால் போதும்." இதை எழுதியவர் மே மாத மதியத்தில் சென்னையின் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் வெறுங்காலோடு நின்று பார்த்ததுண்டா? 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது தாங்கள் அறியாததல்ல. அது நிழலில் அளந்த கணக்கு. சிமென்ட் தளத்தின் சூடு அதற்கும் மேல் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு சல்கேட்டா ஆமை பல வருடங்களாக வளர்கிறது. ஆப்பிரிக்க இனம். அயல்நாட்டு உயிரினங்களை வளர்ப்பவர்களுக்கான 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி முறையாகப் பதிவு செய்திருக்கிறோம். "பாலைவனத்து ஆமைதானே, வெயில் என்ன செய்யும்?" என்று கேட்காதவர்கள் இல்லை. சஹாராவின் தெற்கு விளிம்பில் அது உயிர் வாழ்வதே ஆழமாக வளை தோண்டி, உச்சி வெயிலுக்கு உள்ளே போய்ப் படுத்துவிடுவதால்தான். காலையில் கொஞ்ச நேரம் வெயில் காயும். உடம்பு சூடேறியதும் நிழல் தேடிப் போய்விடும். மாடியில் எங்கே போகும்? ஆமைக்கு வியர்வையும் கிடையாது.

தங்கள் பக்கம் வெளியான அன்றே, அடுத்த தெரு அடுக்ககத்தில் ஒரு குடும்பம் தம் வீட்டு ஆமையை மாடியில் விட்டது. கைப்பிடிச் சுவரில் ஏற முயன்று மல்லாந்துவிட்டது. ஆமைக்கு நுரையீரல் முதுகு ஓட்டுக்கு அடியில் இருக்கிறது. மல்லாந்தால் உள்ளுறுப்புகளின் பாரம் அதன்மேல் இறங்கி மூச்சு முட்டும். என்னைக் கூப்பிட்டபோது அதன் வாயில் நுரை தள்ளியிருந்தது. முன்னங்கால்கள் எச்சிலால் நனைந்திருந்தன; சூடு தாங்காத ஆமை தன்னைக் குளிர்விக்கக் கடைசியாகச் செய்வது அது. அந்த வீட்டுப் பையன் பதறிப்போய்க் குழாயைத் திறந்தான். மாடித் தொட்டியின் தண்ணீர் வெந்நீராகக் கொட்டியது. "தெளித்தால் போதும்" என்று தாங்கள் அச்சிட்ட தண்ணீர் அதுதான், ஐயா. கீழே தூக்கிவந்து, தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டித் தண்ணீரைத் தாடை மட்டத்துக்கு ஊற்றி உட்கார வைத்தோம். பிழைத்தது.

என் மனத்தாங்கல் இந்த ஒரு வரியோடு தொடங்கியதல்ல. ஆமை பற்றி எந்தச் செய்தி வந்தாலும் மெரினாவில் கரை ஒதுங்கிய கடலாமையின் படத்தையே போடுகிறீர்கள். அதைப் பொறுத்துக்கொண்டேன். நட்சத்திர ஆமை வீட்டில் இருந்தால் செல்வம் சேரும் என்று வாஸ்து பகுதியில் ஒருமுறை எழுதினீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பது குற்றம். விமான நிலையத்தில் கடத்தல் நட்சத்திர ஆமைகள் பிடிபடும் செய்திகளையும் தாங்கள்தானே வெளியிடுகிறீர்கள்? அப்போது எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. வீட்டு மனைப் பகுதியிலோ, கொல்லையை முழுக்கச் சிமென்ட் பூசிவிட்டால் பராமரிப்பே வேண்டாம் என்று வாரம் தவறாமல் யோசனை. எங்கள் தெருவில் மழைநீர் இறங்கவே மண் இல்லை, ஆமை எங்கே தோண்டும்?

வேண்டியது பெரிய செலவல்ல. மரத்தடியில் ஈர மண், மதியம் முழுவதும் விலகாத நிழல், ஏறி இறங்கக்கூடிய ஆழமற்ற தண்ணீர்த் தட்டு. எங்கள் முருங்கை மரத்தடியில் பழைய ஓடுகளைச் சாய்த்துப் பொந்து மாதிரி அமைத்து, காலையிலும் மாலையிலும் மண்ணை நனைக்கிறோம். பத்து மணிக்கெல்லாம் அது தானாக உள்ளே போய்விடும். அருகம்புல்லும் செம்பருத்தி இலையும் வெயிலுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். கண்ணாடித் தொட்டியில் வைத்து வெயிலில் விடுவது மாடியைவிடக் கொடுமை. சோர்ந்த ஆமையைப் பனிக்கட்டி நீரில் போடக் கூடாது. சாதாரணத் தண்ணீரில் வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான்: அக்னி நட்சத்திரம் முடிவதற்குள், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், ஆமையை மாடியில் விடக் கூடாது என்று இரண்டு வரித் திருத்தம் வெளியிடுங்கள். படம் போடுவதானால் தரையில் வாழும் ஆமையின் படமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மடிப்பாக்கம், சென்னை.